கரூர்க் கூண்டு, 1:24

பிளாஸ்டிக் மாடல் ஒன்றை எவ்வளவு பொறுமையாக ஒட்டி, எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்து வைத்தாலும், கண் முதலில் போய் நிற்பது அதன் ஓரங்களில்தான். மட்கார்டின் விளிம்பு, பம்பரின் நுனி, நம்பர் பிளேட்டின் பக்கவாட்டு. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், 1:24 அளவில் அது 24 மில்லிமீட்டர் தகடு. கிட்டத்தட்ட ஓர் அங்குலம். அப்படி ஒரு மட்கார்டோடு எந்த பஸ்ஸும் ரோட்டில் ஓடியதில்லை. நிஜ பஸ்ஸின் மேல்தோல் 18 கேஜ் அலுமினியம், 1.2 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் 0.05 மில்லிமீட்டர். இந்தப் பதிவு முழுக்க அந்த 0.05ஐப் பற்றித்தான்.

நான் செய்துகொண்டிருப்பது பழைய பாணி தனியார் ரூட் பஸ் ஒன்று. அசோக் லேலண்ட் வைக்கிங் சேசிஸ், 222 இஞ்ச் வீல்பேஸ், மேலே கரூரில் கட்டிய கூண்டு. ஜன்னலில் கண்ணாடி கிடையாது. குறுக்குக் கம்பியும், சுருட்டி ஏற்றுகிற படுதாவும்தான். பின்னால் ஏணி, மேலே லக்கேஜ் கேரியர், உடம்பு முழுக்க அலுமினிய பீடிங். பொங்கலூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கோவை – திருச்சி நெடுஞ்சாலை. மேற்கே பல்லடம். கிழக்கே காங்கயம், வெள்ளகோவில் தாண்டினால் கரூர். கூண்டு கட்டி முடித்து, டயரில் மண் படாமல், நம்பர் எழுதாமல் வருகிற புது பஸ்களை இந்த ரோட்டில் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது.

இந்த பஸ்ஸுக்குக் கிட் கிடையாது. ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் தமியா ஜெர்மன் டாங்கிகளையும் ரேஸ் கார்களையும் அற்புதமாகப் போடுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க லாரிகளுக்கும் 1:24இல் நல்ல கிட்கள் உண்டு. கரூர்க் கூண்டுக்கு எவரும் போடவில்லை, போடவும் முடியாது என்றே நினைக்கிறேன். ஒரே பட்டறையில், ஒரே மாதத்தில் கட்டிய இரண்டு பஸ்களை அருகருகே நிறுத்தினாலும் பீடிங் ஓடும் உயரம் வேறாக இருக்கும், ஜன்னல் மூலையின் வளைவு வேறாக இருக்கும். ஓனர் ஒருவர் கேட்டது, மேஸ்திரி ஒருவர் மனதில் வைத்திருந்தது, அன்றைக்குக் கையில் இருந்த தகட்டின் நீளம், எல்லாம் சேர்ந்துதான் ஒரு பஸ். இதைக் கையால்தான் செய்ய முடியும், ஏனென்றால் மூலமே கையால் செய்ததுதான்.

நான் சொல்ல வருவதும் இதுதான். வடிவத்தைச் சிறிதாக்குவதை விட, செய்த விதத்தைச் சிறிதாக்கினால் மாடல் தானாக நிஜமாகிவிடும். கரூர்ப் பட்டறையில் என்ன செய்கிறார்கள்? தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் வெறும் எலும்பாக வருகிறது, முன்னால் ஒரு கௌலும் டிரைவர் உட்கார ஓர் இருக்கையுமாக. அதன் மேல் இரும்பில் சட்டம் எழுப்புகிறார்கள். சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி ரிவெட் அடிக்கிறார்கள். இரண்டு தகடு சேரும் இடத்தை மறைக்க பீடிங் போடுகிறார்கள். என் மேசையிலும் அதே வரிசைதான். பித்தளையில் சட்டம், அலுமினியத்தில் தோல், ரிவெட், பீடிங். பிளாஸ்டிக் ஷீட்டில் பெட்டி செய்து அதன் மேல் கோடு கீறி வெள்ளிப் பெயின்ட் அடித்தால் அது பஸ்ஸின் படம். சட்டமும் தோலும் தனித்தனியாக இருந்தால்தான் அது கூண்டு.

1:24 என்ற அளவுக்கு வருகிறேன். மாடல் அளவுகள் பல சமயம் யதேச்சையாகப் பிறந்தவை. தமியா 1960களின் தொடக்கத்தில் தன் பேந்தர் டாங்கியை 1:35இல் செய்ததற்குக் காரணம், உள்ளே மோட்டாரும் பேட்டரியும் கொள்ள வேண்டும் என்பதுதான். பிறகு உலகமே ராணுவ மாடல்களை 1:35இல் செய்ய ஆரம்பித்தது. எனக்கு 1:24 பிடித்ததற்குக் காரணம் வேறு. கூண்டுப் பட்டறையில் பேச்சு எல்லாம் அடியிலும் இஞ்சிலும்தான் நடக்கிறது. ஓர் அடிக்கு அரை இஞ்ச் என்று வைத்தால் 1:24. மேஸ்திரி “படிக்கட்டு ரெண்டே கால் அடி வுடுவோமுங்க” என்று சொன்னால், கால்குலேட்டர் எடுக்காமல் ஒன்றே கால் இஞ்சுக்கு அரைக்கால் கம்மி என்று கை குறித்துவிடும். 222 இஞ்ச் வீல்பேஸ் 235 மில்லிமீட்டர் ஆகிறது. பதினோரு மீட்டர் பஸ் 458 மில்லிமீட்டர். மேசை மேல் வைத்துச் சுற்றி வந்து பார்க்கத் தோதான நீளம்.

இனி அந்த 0.05. குளிர்பான அலுமினிய கேனின் சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர், நம் அளவில் இரண்டரை மில்லிமீட்டர் தகடாகிவிடும், பம்பருக்கும் படிக்கட்டுக்கும் ஆகும், தோலுக்கு ஆகாது. சமையலறை ஃபாயில் ரொம்ப மெல்லிசு, விரல் பட்டாலே கசங்கும். நடுவில் இருப்பது பிரியாணி பார்சல் வரும் அலுமினிய டப்பா. என் மைக்ரோமீட்டரில் அது 0.05ஐ ஒட்டித்தான் காட்டியது. டப்பாவின் அடிப்பகுதியையும், மடிப்பு விழாத பக்கங்களையும் வெட்டி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, கண்ணாடி மேல் வைத்து எவர்சில்வர் ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து வெளியே நீவ வேண்டும். இதில் கரூரில் ஒரு வயதான டிங்கர் சொன்னதைத்தான் பின்பற்றுகிறேன். பெரிய பஸ்ஸின் பக்கத் தகட்டைக் காட்டி, “தகட்ட அடிக்கப் போனீங்கன்னா அது விரிஞ்சு வவுறு தள்ளிரும் தம்பி. நீவிக் குடுங்க, அது கேக்கும்” என்றார். 1.2 மில்லிமீட்டருக்கு அவர் சொன்னது 0.05க்கும் அப்படியே பொருந்துகிறது.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், ஓரம் சுருண்டுவிடும். புது பிளேடால் எஃகு ஸ்கேலை ஒட்டி இரண்டு மூன்று தடவை லேசாகக் கீறி, பிறகு மடித்தால் சுத்தமாகப் பிரியும்.

ரிவெட். நிஜத்தில் தலை பத்து மில்லிமீட்டர் என்று வைத்தால் நமக்கு 0.4. ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினால் வரிசை ஆடும். திருப்பூரில் பேட்டர்ன் மாஸ்டர்கள் பேப்பரில் கோடு மாற்ற ஒரு பல்சக்கரம் வைத்திருப்பார்கள், அதைத்தான் முதலில் எடுத்தேன். நெருக்கமான வரிசைகளுக்கு அதன் பல் பெரிசு. பழைய அலாரம் கடிகாரத்தின் சக்கரம் ஒன்றைப் பிடியில் மாட்டினால் பல்லுக்குப் பல் சம தூரத்தில் புள்ளி விழுகிறது. தகட்டைக் கவிழ்த்து ரப்பர் பாய் மேல் வைத்து, ஸ்கேலை ஒட்டி ஒரே அழுத்தத்தில் உருட்ட வேண்டும். முன்பக்கம் திருப்பினால் ரிவெட் தலைகள் வரிசையாக நிற்கும்.

இந்தத் தகட்டைச் சட்டத்தின் மேல் போர்த்தியதும் நடப்பதை நான் இன்னும் வியந்து பார்க்கிறேன். சட்டம் தொடும் இடங்களில் தகடு இறுகி நிற்கிறது, இரண்டு சட்டத்துக்கு நடுவே துளியூண்டு தளர்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பக்கத் தகட்டில் வெளிச்சம் அலை அலையாக ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டில் சாயங்கால வெயிலில் பஸ்ஸின் பக்கவாட்டில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அதே அலை. அதைப் பெயின்ட்டில் வரைய எந்தத் தூரிகையாலும் ஆகாது. உலோகம் அந்தத் தடிமனில் அப்படித்தான் நடந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அலுமினியத்தைச் சாதாரண ஈயத்தால் பற்றவைக்க முடியாது. காற்றுப் பட்டதும் மேலே ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும், ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். அதனால் தோலைச் சட்டத்தோடு சேர்க்க அரால்டைட்டும், முக்கியமான இடங்களில் மெல்லிய செம்புக் கம்பியில் செய்த நிஜ ரிவெட்டும்தான். பெரிய பட்டறையிலும் இதுதான் கதை: இரும்புச் சட்டத்தோடு அலுமினியத்தை வெல்டு வைக்க முடியாது, அதனால்தான் அத்தனை ரிவெட். பஸ்ஸின் அழகு என்று நாம் நினைக்கும் அந்தப் புள்ளி வரிசை, இரண்டு உலோகங்கள் ஒட்ட மறுத்ததால் வந்தது. மாடலிலும் அதே காரணத்துக்காக அது வருகிறபோது எனக்கு ஏற்படும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மூலை வளைவுகளுக்கு மட்டும் வேறு வழி. கூரையும் முன்முகமும் பக்கமும் சேரும் இடம் இரண்டு திசையிலும் வளைகிறது. அதற்கு கேன் தகடுதான் தாங்கும், ஆனால் கேன் அலுமினியம் விறைப்பானது. அதைச் சூடு காட்டி இளக்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பித்தளை சூடானால் சிவக்கும், பார்த்து நிறுத்தலாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உருகும் நிமிடம் வரை நிறம் மாறாது. தகடு அடிப்பவர்களின் பழைய உபாயம்: சலவை சோப்பால் தகட்டில் ஒரு கோடு இழுத்து, பின்பக்கமிருந்து நெருப்பைத் தள்ளியே காட்டு. சோப்புக் கோடு கறுத்ததும் எடுத்துவிடு. ஆறியதும் தகடு சொன்னபடி கேட்கும். மரக்கட்டையில் செதுக்கிய அச்சின் மேல் வைத்து ஸ்பூனால் நீவினால் மூலை இறங்கி உட்காரும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. சுற்றிலும் ஜவுளித் தொழில். ஜவுளித் தொழிலின் உள்ளே இருப்பதெல்லாம் மெல்லிய, துல்லியமான உலோகம். வெளிநாட்டு மாடலர்கள் ஆன்லைனில் தேடித் தேடி வாங்குவது இங்கே பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடக்கிறது.

முதலில் நிட்டிங் ஊசி. 30 இஞ்ச் டயா, 24 கேஜ் வட்ட நிட்டிங் மிஷின் ஒன்றில் 2,200க்கும் மேல் ஊசி இருக்கும். தேய்ந்தால் துணியில் கோடு விழும், அதனால் மாற்றுவார்கள். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் ஒரு சின்னக் கொக்கி, கொக்கியை மூடித் திறக்க ஒரு நாக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மேத்யூ டவுன்சென்ட் கண்டுபிடித்த அமைப்பு; இன்றைக்கு நாம் போட்டிருக்கும் பனியன் எல்லாம் அதில் பிறந்ததுதான். கொக்கியின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ளே. 1:24இல் அது இரண்டு சென்டிமீட்டர் கொக்கி, கேரியரில் தார்ப்பாய்க் கயிறு கட்டுகிற கொக்கிக்கு மிகச் சரியான அளவு. அந்த நாக்கு நிஜமாகவே அச்சில் ஆடும் என்பதால், பின்பக்க டிக்கிக் கதவின் தாழ்ப்பாளுக்கு நாக்கோடு சேர்த்தே வெட்டி வைத்தேன். திறந்து மூடலாம். ஊசி கடினமான எஃகு, பிளேடு ஏறாது. சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் அரம் பிடிக்கும். வெட்டும்போது கண்ணாடி கட்டாயம், துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது தறி அச்சு, ரீடு என்றும் சொல்வார்கள். பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தி, ஊடையை அடித்துச் சேர்க்கும் அந்தச் சட்டத்தில் நூற்றுக்கணக்கான எஃகுப் பட்டைகள் நெருக்கமாக நிற்கும். பல்லடம், பொங்கலூர், சோமனூர் என்று இந்தப் பக்கம் முழுக்க விசைத்தறிதான், தேய்ந்த ரீடுக்குப் பஞ்சமில்லை. அதைப் பிரித்தால் நேரான, ஓரம் மழுங்கிய, ஒரே சீரான எஃகுப் பட்டை கை நிறையக் கிடைக்கும். நான் அதை லேலண்டின் ஸ்பிரிங் பட்டைக்கு எடுத்தேன். நிஜப் பட்டை எட்டு சென்டிமீட்டரை ஒட்டிய அகலம், நமக்கு மூன்று மில்லிமீட்டர் சொச்சம். ரீடு பட்டை அதற்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் அடுக்கில் வைத்தால் கண் ஏற்றுக்கொள்கிறது. மெயின் பட்டையின் இரு முனையையும் கம்பியில் சுற்றிக் கண் வைத்து, அடுத்தடுத்த பட்டைகளைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளைத்து, நடுவில் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் ஆக்சிலோடு இறுக்கினேன். ஒரே துண்டாக வார்த்த பிளாஸ்டிக் ஸ்பிரிங்கில் பட்டைகளுக்கு நடுவே கோடுதான் இருக்கும். இதில் இடைவெளி இருக்கிறது, அதற்குள் இருட்டு இருக்கிறது. கொஞ்சம் கறுப்பு கிரீஸ் தடவி வைத்தால் லாரிப் பட்டறை வாசனையே வந்துவிடும்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: ரோட்டரி பிரிண்டிங் ஸ்கிரீன். 1963இல் நெதர்லாந்தின் ஸ்டோர்க் நிறுவனம் கொண்டுவந்த முறை அது. துணியில் டிசைன் அச்சடிக்கும் அந்த உருளை சுத்தமான நிக்கல், தடிமன் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி, உடம்பெல்லாம் தேன்கூடு போலப் பொடித்துளை. டிசைன் பழசானாலோ மடிப்பு விழுந்தாலோ ஸ்கிரீன் போச்சு, ஸ்கிராப்புக்குப் போகும். அதன் மேலிருக்கும் லாக்கரை எரித்தோ கரைத்தோ எடுத்துவிட்டால் கிடைப்பது ரேடியேட்டர் முன் வலை, ஏர் ஃபில்டர் வலை, உள்ளே ஸ்பீக்கர் பெட்டியின் மூடி. நிக்கலுக்குக் குரோமியம் மாதிரியே பளபளப்பு உண்டு, ஈயமும் நன்றாக ஒட்டும். பெயின்ட் டப்பாவில் வரும் எந்தக் குரோம் வண்ணமும் அதன் கிட்டே நிற்காது. ஒரு சின்னத் துண்டு ஸ்கிராப் நிக்கல் வைத்திருப்பவன் ஒரு பஸ்ஸுக்கு வேண்டிய அத்தனை வலையும் வைத்திருக்கிறான்.

அப்புறம் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து செம்புக் கம்பி. கேஜ் எண் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், படிக்கட்டின் கைப்பிடிக் குழாய்க்கு. 26 கேஜ் 0.46, ஜன்னல் குறுக்குக் கம்பிக்கு. 36 கேஜ் 0.19, கேபிளுக்கும் பிரேக் லைனுக்கும். சுருளிலிருந்து வரும் கம்பி நேராக இருக்காது, விரலால் நிமிர்த்த முயன்றால் நெளிவு போகவே போகாது. ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கம்பி கைக்குள் துளி இளகுவது தெரியும். அங்கே நிறுத்து. ஸ்கேல் வைத்த மாதிரி நேராகிவிடும், கொஞ்சம் விறைப்பும் ஏறியிருக்கும். மேலிருக்கும் எனாமலை மட்டும் பற்றவைக்கும் இடத்தில் சுரண்டிவிட வேண்டும்.

பற்றவைப்பதற்கு எனக்கு உண்மையான குரு நகைப் பட்டறைதான். கோவைப் பெரிய கடை வீதிப் பக்கம் போனால் சாமணம், ஊதுகுழல், கம்பி இழுக்கும் தகடு, ஊசி அரம், வெங்காரம் எல்லாம் கிடைக்கும். நகைத் தொழிலாளி ஒரு நகையில் பல ஒட்டு வைக்க வேண்டியிருந்தால், அதிகச் சூட்டில் உருகும் பொடியை முதலிலும் குறைந்த சூட்டுப் பொடியைக் கடைசியிலும் வைப்பார். அப்போதுதான் இரண்டாவது ஒட்டு வைக்கும்போது முதல் ஒட்டு கழன்று விழாது. ஏணியைச் செய்யும்போது அதே முறைதான். இரண்டு நெடுங்கம்பியும் வளைவும் வெள்ளிப் பற்றில், 600 டிகிரிக்கு மேல். படிகள் ஈயப் பற்றில், 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக வைக்கும்போது பக்கத்துக் கம்பி கழலாமல் இருக்க நனைத்த பஞ்சை அதன் மேல் வைத்துவிடுவேன், சூடு அங்கே தாண்டாது. ஈயம் குறைவாக இருக்கட்டும். அரிசிக் குருணை அளவுகூட அதிகம். மிஞ்சிய ஈயத்தை அரத்தால் எடுப்பது ஒட்டு வைப்பதை விடப் பெரிய வேலை. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், முடித்ததும் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயம் உடம்புக்குள் போனால் எளிதில் வெளியே வராது.

பற்றவைத்த பித்தளையில் ஃப்ளக்ஸ் கறையும் கறுப்பும் இருக்கும். அதற்குக் கடையில் விற்கும் ஆசிட் எதுவும் வேண்டாம். புளிக்கரைசலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசினால் குத்துவிளக்கு மாதிரிப் பளிச்சென்று ஆவதைப் பார்க்கலாம். அதற்கு மேல் எட்ச் பிரைமர் அடித்தால்தான் பெயின்ட் பிடிக்கும்.

பீடிங்கைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நிஜத்தில் ஓர் இஞ்ச் அகல அரைவட்டம், நமக்கு ஒரு மில்லிமீட்டர். வட்டக் கம்பியை ஒட்டினால் பாதி பஸ்ஸுக்குள் புதைந்த மாதிரி தெரியும், தட்டைப் பட்டையை ஒட்டினால் வெளிச்சத்தைப் பிடிக்காது. அரைவட்டம்தான் வேண்டும். நகைத் தொழிலாளிகளிடம் அரைவட்டத் துளை போட்ட கம்பி இழுக்கும் தகடு உண்டு. அலுமினியக் கம்பியின் நுனியை அரத்தால் கூராக்கி, தேன்மெழுகு தடவி, பெரிய துளையில் நுழைத்துக் குறட்டால் இழுத்து, அடுத்த துளை, அதற்கடுத்த துளை. கடைசித் துளையிலிருந்து வெளியே வரும்போது அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு, ஓடும் நீளமெல்லாம் ஒரே அளவு. பிராசோ போட்டுத் தேய்த்து, பஸ்ஸுக்குப் பெயின்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு ஒட்ட வேண்டும். பெயின்ட்டும் பீடிங்கும் சேரும் கோடு அப்போதுதான் கத்தி மாதிரி இருக்கும். கரூரில் பீடிங்குக்கு மாஸ்கிங் ஒட்டி அடிப்பார்கள். 1:24இல் டேப்பின் ஓரம் தடித்துத் தெரியும் என்பதால் இந்த ஓர் இடத்தில் மட்டும் பட்டறை வரிசையை மீறுகிறேன்.

படிக்கட்டின் செக்கர்ட் பிளேட், டிரைவர் பக்க லூவர், லேலண்ட் எழுத்து ஆகியவற்றுக்கு எட்சிங் தேவைப்பட்டது. பித்தளைத் தகட்டில் லேசர் பிரின்ட் டோனரை இஸ்திரிப் பெட்டியால் மாற்றி, ஃபெரிக் குளோரைடில் போட்டால் டோனர் இல்லாத இடம் கரையும். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் சர்க்யூட் போர்டு செய்யும் அதே முறை. செக்கர்ட் பிளேட்டுக்கு ஒரு பித்தளை அச்சு மட்டும் எட்ச் செய்துகொண்டு, அதன் மேல் பிரியாணி டப்பாத் தகட்டை வைத்துப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் எத்தனை படிக்கட்டு வேண்டுமானாலும் எடுக்கலாம். இப்படிச் செய்வதால் கரைசலும் கொஞ்சமே செலவாகிறது.

அந்தக் கரைசலைப் பற்றி ஒரு வார்த்தை, இதை நான் விட மாட்டேன். பயன்படுத்தி முடித்த ஃபெரிக் குளோரைடில் கரைந்த செம்பு இருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, மண்ணில் ஊற்றக்கூடாது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது, ஒரத்துப்பாளையம் அணையில் என்ன தேங்கியது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்படும் நிலை ஏன் வந்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அரை லிட்டர்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஓர் ஆறு முழுக்கப் பார்த்தாயிற்று. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, வாஷிங் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரை பொங்குவது நிற்கும் வரை. செம்பும் இரும்பும் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைச் சிமென்ட்டில் குழைத்துக் கட்டியாக்கிவிடுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

உலகத்தில் இப்படி மாடல் செய்தவர்களில் நான் வணங்குபவர் இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ். 1:15 அளவில் பழைய கார்களை முழுக்கக் கையால் செய்தவர். 1978இல் வந்த அவருடைய ‘தி கம்ப்ளீட் கார் மாடலர்’ புத்தகம் ஸ்போக் வீலை ஒவ்வொரு கம்பியாகக் கோப்பதற்கு ஜிக் எப்படிச் செய்வது என்பது வரை ஒளிக்காமல் சொல்லித் தருகிறது. அமெரிக்காவில் லூயி ஷெனோ என்ற பொறியாளர் 1932ஆம் வருட டூசன்பெர்க் காரை 1:6 அளவில் செய்தார், எஞ்சினும் ஓடும். இருவரும் எடுத்துக்கொண்ட கார்களுக்குப் புகைப்படம், ஆவணம், மியூசியம் எல்லாம் இருந்தன. நம் பஸ்ஸுக்கு அவை இல்லை. கோவை அவிநாசி ரோட்டில் 2015இல் திறந்த ஜிடி கார் மியூசியத்துக்குப் போனால் பழைய கார்களின் மட்கார்டு ஓரத்தைக் கிட்டே நின்று பார்க்கலாம். தகட்டைக் கம்பியின் மேல் சுருட்டி ஓரம் கட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் 36 கேஜ் கம்பியின் மேல் தகட்டைச் சுருட்டக் கற்றேன். அந்த மியூசியம் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் உருவாக்கியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு வண்டியை ஓட்டித் தொடங்கி, பிறகு யு.எம்.எஸ். என்று பெரிய பஸ் கம்பெனியே நடத்தியவர் அவர். கார்களுக்குக் கிடைத்த அந்த மரியாதை, கொங்கு நாட்டு ரோடுகளில் அரை நூற்றாண்டு ஓடிய கம்பி ஜன்னல் பஸ்களுக்குக் கிடைக்கவில்லை. ஓடி முடித்ததும் உடைத்து, அலுமினியம் தனி, இரும்பு தனி என்று எடை போட்டுவிடுகிறோம்.

இப்போது பஸ் கூண்டுகளுக்கு ஏஐஎஸ் 052 என்ற விதி இருக்கிறது. இருக்கை இடைவெளி, அவசர வழி, ஜன்னல், சட்டத்தின் வலு எல்லாம் அதில் வரையறுத்திருக்கிறார்கள். பயணிகளின் பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மேஸ்திரியின் மனதிலிருந்து வந்த பழைய பீடிங் வளைவுகளை யாரும் காகிதத்தில் வரைந்து வைக்கவில்லை. செய்த கைகளுக்கு வயதாகிவிட்டது. எனவே மாடலுக்காக நான் எடுக்கும் ஒவ்வோர் அளவையும் தேதியோடும் வண்டியின் விவரத்தோடும் நோட்டில் எழுதி வைக்கிறேன். பஸ் போனாலும் அளவு இருக்கும்.

அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். வீட்டு ஆல்பத்தில், கல்யாண பஸ்ஸோ காதுகுத்து பஸ்ஸோ பின்னால் தெரிகிற படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் தோட்டத்து மூலையில் கழற்றி வைத்த பழைய கூண்டு, கோழிப்பண்ணையில் தீவன ரூமாக நிற்கிற கூண்டு கண்ணில் பட்டால் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு வேண்டியது நான்கு அளவு: தரையிலிருந்து முதல் பீடிங்கின் உயரம், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி, ஏணிப் படியின் அகலம், பின்முகத்தில் இரண்டு பக்க பீடிங்கும் வந்து சேரும் அந்த மூக்கின் வளைவு. மூக்கை அளக்க டேப் உதவாது. ஒரு ஈயக் கம்பியையோ தடித்த காயில் கம்பியையோ அதன் மேல் அழுத்தி வளைத்து, அப்படியே பேப்பரில் வைத்துப் பென்சிலால் வரைந்துவிடுங்கள்.